பெயரில்லாத பொத்தான்கள்

கணவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது காஜாக்காரிக்கு மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டாயா என்பார், இன்றைக்கு எந்த ஷிப்ட் என்பார், ஹாஸ்டலில் இருக்கும் மகன் போன் செய்தானா என்பார். ஆனால் கேட்கும்போது கண் அவள் காதைத் தாண்டிச் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தொரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? நேருக்கு நேர் பார்க்காத ஆண்பிள்ளை ஒன்று கோபமாக இருப்பான், இல்லை எதையோ மறைப்பான். இவருக்குக் கோபம் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. ஆக, மறைக்கிறார். எதை என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கம் கெட்டது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காஜா மெஷினில் வேலை. சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்கு ஓரம் கட்டுவதுதான் காஜா. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு சட்டை, சட்டைக்கு ஏழு துளை. உடன் வேலை செய்பவர்களுக்கு அவள் காஜாக்கா, தெருவுக்குக் காஜாக்காரி. கணவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிளை நூலகத்தில் நூலகர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறாள். அத்தனை புத்தகத்தையும் ஒரே இடத்தில் பார்த்ததும், இதையெல்லாம் யார் தூசி தட்டுவது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

ஒரு புதன்கிழமை நல்ல மழை. அவர் சோற்று டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு அன்று விடுமுறை. மழைக்கோட்டைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு டப்பாவுடன் கிளம்பினாள்.

நூலகம் என்பது ஒரே ஒரு நீளக் கூடம். இரும்பு அலமாரிகள், நடுவில் வாசிக்கிற மேசை, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. வாசலை ஒட்டிய மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கு திரையில் இடித்துவிடும்போல இருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி இரையைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார். எதிரே ஒரு பெண் இரண்டு புத்தகங்களுடன் நின்றாள். புத்தகத்தில் ஒட்டியிருந்த பார்கோடு சீட்டின்மேல் கருவியைக் காட்டினார், ‘பீப்’ என்றது. திரையில் ஏதோ வந்தது. பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு சும்மா நிற்பதுபோல நின்ற வயதானவர் ஒருவர், வாயைத் திறந்தும் திறக்காமலும், “இந்தம்மா பேர்ல ஏற்கனவே மூணு இருக்கு” என்றார். நூலகர் உடனே தலையை நிமிர்த்தி, ஏற்கெனவே மூன்று இருக்கிறதேம்மா, இரண்டைத் திருப்பிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கணீரென்று சொன்னார். இது இன்று நேற்று நடக்கிற நாடகம் அல்ல என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்தப் பெரியவரை எல்லோரும் பேப்பர் மாமா என்று கூப்பிடுவார்கள் என்பதையும், எட்டு மாதமாக அவர்தான் நூலகருக்குக் கண் என்பதையும் அவள் பிறகுதான் அறிந்தாள்.

அந்தப் பெண் நகர்ந்ததும் காஜாக்காரி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நூலகர் அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தார்.

“என்ன புத்தகம்மா வேணும்?”

அவள் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

“சோறு கொண்டு வந்திருக்கேங்க.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பேப்பர் மாமா செய்தித்தாளை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒளித்து மறைக்கவில்லை. பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, அது திரும்பாது, ஓரம் நிற்கும், நடமாடலாம், படிப்பது கஷ்டம் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டது, என்னை எப்படித் தெரிகிறது என்றுதான். தலைமுடி தெரிகிறது, தோள் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகையாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் முகம் ஓரத்துக்கு வருகிறது என்றார் அவர். அதற்காகத்தான் காதுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறார்! மனுஷன் அவள் முகத்தைப் பார்க்கத்தான் முகத்தை விட்டுப் பார்த்திருக்கிறார். அவர்மேல் என்னென்னவோ சந்தேகப்பட்டதற்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, எட்டு மாதம் தன்னிடம் சொல்லாததற்காகப் பேருந்து வரும்வரை திட்டித் தீர்த்தாள்.

டாக்டர் சான்றிதழைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. பத்து வாரத்தில் ஆய்வு நடக்கும். யார் துணையும் இல்லாமல் நூலகர் தன் மேசையை நடத்திக் காட்டினால் தொடரலாம். இல்லையென்றால் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிடங்குக்கு மாற்றம், அல்லது உடல்நிலையைக் காட்டி ஓய்வு.

செய்தி கேட்டு அவள் அண்ணன் வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு.

“ஓய்வை வாங்கிக்கிட்டு நம்ம கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. ரெண்டு அங்குல ஆணி எது, மூணு அங்குல ஆணி எதுன்னு தடவிப் பாத்தாத் தெரியாதா?”

நூலகர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

“தடவிப் பாக்கிறதுக்கா மச்சான் இருபது வருஷம் புத்தகம் அடுக்கினேன்?” என்றார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள், பத்து வாரம் இருக்கிறது, அதற்குள் எதற்கு ஆணி என்று சொல்லிவிட்டு அவருக்கு டீ எடுக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழி காட்டியிருந்தார்கள். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைக் காதில் மாட்டும் கருவியோடு கொடுத்து, ஒரு வாரம் பழக்கியும் விட்டார்கள். வீட்டில் செய்தி படித்தது, கடிதம் படித்தது. அவருக்கு முகமே மாறிவிட்டது. திங்கட்கிழமை அதை நூலகக் கம்ப்யூட்டரில் போட்டார். மறுநாள் காலையில் அவளைக் கையோடு கூட்டிப்போய், மேசையில் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டினார். விசையைத் தட்டத் தட்ட ஒரு குரல் சொல்லிக்கொண்டே போயிற்று: பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான்.

“எந்தப் பொத்தான்னு சொல்லாதா?” என்றாள்.

“சொல்லாது. புத்தகம் குடுக்கிற பொத்தான், வாங்குற பொத்தான், அழிக்கிற பொத்தான் எல்லாத்துக்கும் இதான். செஞ்சவன் ஒண்ணுக்கும் பேர் வைக்கல.”

“பொத்தான் மட்டும் தச்சிட்டுக் காஜா போடாம விட்டுட்டானா? எங்க சூப்பர்வைசரா இருந்தா சட்டையை மூஞ்சியிலயே எறிவாரு.”

நூலகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த, புத்தகக் கணக்குப் பார்க்கும் மென்பொருளை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒரு ஆளுக்காக மாற்ற முடியாது, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கலாம், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சரி, நாங்களே யாரையாவது வைத்துப் பெயர் வைத்துக்கொள்கிறோம் என்றார் நூலகர். உள்ளே கை வைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று பதில் வந்தது. அப்படியானால் எங்கள் புத்தகப் பட்டியலையாவது கோப்பாகக் கொடுங்கள், வேறு வழி பார்க்கிறோம் என்றார். பட்டியலை வெளியே எடுத்துத் தருவது ஒப்பந்தத்தில் இல்லையாம். எட்டாயிரத்து நானூறு புத்தகம். அத்தனையும் அவர் தன் கையால் அடித்துச் சேர்த்தது. போனை வைத்தார்.

“நம்ம வீட்டுக்கு நம்மகிட்ட சாவி இல்ல, பாத்தியா” என்றார்.

எப்போதோ ஒரு பயிற்சியில் அவருக்குப் பழக்கமான கல்லூரி நூலகர் ஒருவர் இருந்தார். இவர்கள் இருவருக்கும் அவர் அக்கா. அவர்தான் வழி சொன்னார். நூலகங்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதன் உள்ளே எழுதியிருப்பது முழுக்க எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். காஜாக்காரிக்கு நம்பிக்கை இல்லை. சும்மா கிடைக்கிறது என்றால் அதில் ஏதாவது சொத்தை இருக்கும் என்றாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்களே என்று இழுத்தாள்.

“இது தானே வாயைத் திறந்து பல்லைக் காட்டுற மாடும்மா” என்றார் அக்கா போனில். “நல்லாப் பாத்துட்டே பிடிச்சுக்கோ.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா பேருந்து பிடித்து வந்தார். பின்கட்டில் தூசி மண்டிக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மேசைக்கு ஏற்றி, மத்தியானத்துக்குள் அந்த மென்பொருளைப் போட்டு எழுப்பிவிட்டார். செத்துப்போனது என்று ஒதுக்கிய பெட்டி அது. நூலகர் காதில் கருவியை மாட்டினார். விசையைத் தட்டினார். புத்தகம் கொடு, பொத்தான். புத்தகம் வாங்கு, பொத்தான். தேடு. வாசகர் பட்டியல். அவர் மறுபடி முதலிலிருந்து தட்டினார். மூன்று தடவை தட்டிக் கேட்டுவிட்டுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அக்கா, முட்டை வேகவைத்தது இருக்கிறது என்றாயே, எங்கே என்று காஜாக்காரியைக் கேட்டார்.

தலைமை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் போயிற்று. சரி என்றும் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. கூடாது என்று வரும்வரை வேலை நடக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

பட்டியல் கம்பெனிக்காரனிடம் மாட்டிக்கொண்டாலும் கையெழுத்துப் பதிவேடுகள் அலமாரியில் இருந்தன. ஒன்பது தடித்த நோட்டுகள். படிக்க அவருக்குக் கண் இல்லை, அடிக்க அவளுக்குக் கை பழகவில்லை. அவள் படிப்பாள், அவர் அடிப்பார். காஜாக்காரி மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டாள். சூப்பர்வைசர் முணுமுணுத்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலை ஐந்தரைக்கு நூலகத்தைத் திறப்பார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை, அங்கே இரண்டு டீ வாங்கிக்கொள்வார்கள். எட்டரை வரைக்கும் படிப்பும் அடிப்பும். ஒரு நாளைக்கு நூற்றெழுபதுக்குக் குறைந்தால் ஆய்வுக்குள் முடியாது.

எண், தலைப்பு, எழுதியவர், எந்த அலமாரி. அவள் ராகம் போட்டுப் படித்தாள். முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் பதின்மூன்று இலக்க எண் பதிவேட்டிலும் ஏறியிருந்தால் கொண்டாட்டம். அந்த எண்ணை மட்டும் சொன்னால் போதும், உலகத்தில் வேறெங்கோ ஒரு நூலகத்தில் யாரோ அடித்து வைத்த விவரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் தடவை அப்படி வந்தபோது, இதை அடித்தவர் யார் என்று கேட்டாள். தெரியாது என்றார். அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம் என்று டீயைக் கீழே வைத்தாள். “நூத்தெழுபது ஆகணும்” என்றார் அவர். நினைப்பதை அரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டாள்.

புத்தகத்தில் ஒரு வரி படித்தறியாதவள், இப்போது தலைப்பு படிக்கும்போதே கேள்வி கேட்டாள். தேனீ வளர்ப்புக்கு ஆறு புத்தகம், பிள்ளை வளர்ப்புக்கு நாலுதானா என்றாள். குரல் ஒவ்வொரு தடவையும் ‘இரவல் பெறுநர்’ என்று இழுப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“வாசகர்னு சொன்னா ஆகாதா? என்னமோ கடன் வாங்கிட்டு ஓடுறவங்க மாதிரி.”

அவர் அக்காவைப் போனில் கேட்டு, எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அடுத்த நாள் காலையிலேயே மாற்றிவிட்டார். குரல் ‘வாசகர்’ என்றது. தான் சொன்ன ஒரு சொல்லை ஒரு மெஷின் கேட்டுக்கொண்டது அவளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது. காஜா மெஷினில் தையலின் நீளத்தை மாற்றக்கூட மெக்கானிக்கின் தயவு வேண்டும்.

ஐந்தாம் வாரம் பேய்மழை. காலையில் திறந்தபோது வாளி நிரம்பி, தரையில் தண்ணீர் நின்றது. ஏழாம் பதிவேடு நனைந்து, முந்நூறு பதிவுக்கு மை ஊறிப் பரவியிருந்தது. நூலகர் ஈர நோட்டைத் தடவிப் பார்த்தார். “முடியாது போலிருக்கு” என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். “நோட்டு நனைஞ்சா என்ன, புத்தகம் நனையலையே. நீங்க உக்காருங்க. நான் எடுத்துட்டு வரேன்.”

அலமாரியிலிருந்து புத்தகத்தையே கட்டுக் கட்டாக எடுத்து வந்து, அட்டையைப் பார்த்துப் படித்தாள். நாலு நாள் அப்படிப் போயிற்று. பேப்பர் மாமாவும் வந்தார். அவருக்குத் தனக்கு வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம். திரையைப் பார்த்துச் சொல்ல இனி ஆள் வேண்டாமே. காஜாக்காரி அதைக் கவனித்து, புத்தகத்தைத் திரும்ப அடுக்குகிற பொறுப்பை அவரிடம் கொடுத்தாள்.

ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மேசை வேலையைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிய பிறகு, வேறொரு வில்லங்கம். திரும்பி வந்த புத்தகத்துக்காக வேறொருவர் பதிந்து காத்திருந்தால், திரையில் ஒரு கட்டம் வந்து அதைச் சொல்லும். ஆனால் குரல் அதைப் படிக்கவில்லை. நூலகர் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பிவிட்டார். காத்திருந்த தையல்காரர் வந்து, எனக்கு எடுத்து வைக்கச் சொன்னேனே, கண் தெரியாத ஆளை உட்கார வைத்தால் இப்படித்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நூலகர் மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தைத் தேடிக் கொடுத்தார். ஆய்வில் இது நடந்தால் எல்லாம் போச்சு.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இணையத்தில் உண்டு. எந்த இடத்தில், எப்போது, குரல் நின்றுபோகிறது என்று நூலகர் விவரமாக எழுதினார். அக்கா அதை ஆங்கிலமாக்கிப் போட்டார். மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள், பெயரை வாயில் நுழைக்க முடியாத ஒருவர், எந்த நாட்டிலிருந்தோ, இரண்டு கேள்வி கேட்டிருந்தார். ஐந்தாம் நாள் நாலு வரித் திருத்தம் அனுப்பினார். போட்டுப் பார்த்தார்கள். பீப். ‘வேறு வாசகர் காத்திருக்கிறார்’ என்றது குரல்.

“அவருக்கு என்னங்க குடுக்கணும்?” என்றாள் காஜாக்காரி.

“ஒண்ணும் வேண்டாமாம். சரியாயிடுச்சான்னு மட்டும் எழுதச் சொல்றாரு. சரின்னு எழுதினா, இதே மென்பொருள் இருக்கிற எல்லா ஊருக்கும் அனுப்பிடுவாராம்.”

“அப்ப உடனே எழுதுங்க” என்றாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பெண். சிரிக்காத முகம், கையில் தடித்த கோப்பு. காஜாக்காரி ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, வாசகர்போல மேசையில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேப்பர் மாமா அன்று வீட்டை விட்டே வரவில்லை. தான் பக்கத்தில் நின்றால் சந்தேகம் வரும் என்றாராம். சனிக்கிழமை, நல்ல கூட்டம். பதினொரு மணிவரை அதிகாரி ஒன்றுமே பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நூலகர் ஒரு காதில் கருவியும் ஒரு காது வெளியேயுமாக இருந்தார். கொடுத்தார், வாங்கினார், நாலு புத்தகத்தோடு வந்த பையனிடம் மூன்றுதான் என்றார், ஒரு புத்தகத்தை வேறொருவருக்காக ஒதுக்கி வைத்தார். ஒரு அம்மாள் மறந்து தன் வீட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, இது நம்முடையது இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் அவர் குரல் லேசாக உடைந்தது. பிறகு சரியாகிவிட்டது.

கூட்டம் குறைந்ததும் அதிகாரி எழுந்து வந்தார்.

“வேலை ஓடுது, பாத்தேன். ஆனா இது கம்பெனி சரக்கு இல்ல. நாளைக்கு நின்னுபோனா நான் யாரைக் கேக்கிறது?”

நூலகர் கருவியைக் கழற்றினார். அதிகாரியின் தோளுக்குச் சற்று மேலே பார்த்தபடி, நிதானமாகச் சொன்னார்.

“கம்பெனியைக் கேட்டோம்மா. முடியாதுன்னாங்க. எங்க பட்டியலையே எங்களுக்குத் தரமாட்டேன்னாங்க. இது போன மாசம் ஒரு இடத்துல நின்னுச்சு. நான் கேட்டேன், அஞ்சு நாள்ல சரியாச்சு. அவரு சரி பண்ணலைன்னாலும் பரவாயில்ல, திறந்துதான் கிடக்கு. தெரிஞ்ச யாரை வேணும்னாலும் கூப்பிட்டுச் சரி பண்ணிக்கலாம். பட்டியல் இதோ, இந்தச் சின்னக் குச்சியில இருக்கு. நாளைக்கு இதைவிட நல்லது வந்தா எடுத்துட்டுப் போயிடலாம். யாரும் தடுக்க மாட்டாங்க.”

அதிகாரி அந்தப் பென் டிரைவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். எட்டாயிரத்தையும் யார் ஏற்றினார்கள் என்று கேட்டார். நூலகர் வாசிக்கிற மேசைப் பக்கம் கையைக் காட்டினார். எந்த நாற்காலியில் அவள் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காஜாக்காரி எழுந்து நின்றாள். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்தப் பிரிவுல வேலை பாக்கிறீங்க?” என்றார்.

“காஜா பிரிவுங்க” என்றாள் அவள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. நூலகர் அதே மேசையில் தொடரலாம். வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு உண்டு. அடுக்குவதற்குப் பகுதிநேர ஆள் ஒருவர் தரப்படுவார். கீழே இன்னொரு வரி: கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிற மற்ற ஐந்து கிளைகளும் இந்த மென்பொருளுக்கு மாற, இந்தக் கிளை வழிகாட்ட வேண்டும். நூலகர் அதைக் குரலில் இரண்டு தடவை கேட்டார். அண்ணனுக்குப் போன் செய்து, ஆணிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கண் டாக்டர் மட்டும், ஓரப் பார்வையும் இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. பேசினார்கள், பிறகு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காஜாக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வேறொரு கிளையின் நூலகர், சின்ன வயதுக் குரல், பதற்றமாக இருந்தது. சார் இருக்கிறாரா என்றது.

“குளிக்கிறாரு. என்ன விஷயம்?”

அந்தப் பக்கம் தயங்கியது. அவசரம்தான், ஆனால் சார் வரட்டும், கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம் என்றது.

காஜாக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனைத் தோளில் இடுக்கினாள்.

“எங்க நிக்குது, அதைச் சொல்லுங்க. பதின்மூணு இலக்க எண்ணைப் போட்டப்புறம் விவரம் வரலையா? அப்ப நடுவுல கோடு சேத்து அடிச்சிருப்பீங்க, அதை எடுத்துட்டு அடிங்க. ம். வந்துச்சா? வரும். இன்னொண்ணு கேட்டுக்கோங்க. எத்தனை பேர் வேலை பாக்கிறீங்க? தனியாவா? தனியா செய்யாதீங்க தம்பி. படிக்க ஒரு ஆள், அடிக்க ஒரு ஆள். வீட்டுல யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க.”